ஒரே ஒரு முறை உட்காரக் கிடைக்கும் தேர்வு

விமானப்படையில் விமானம் ஓட்டப் போக நினைப்பவர்களுக்கு, மற்ற எல்லாத் தேர்வுகளும் முடிந்த பிறகு கடைசியாக ஒரு திறனறித் தேர்வு வைப்பார்கள். எழுத்துத் தேர்வில் தோற்றால் மறுபடி எழுதலாம். நேர்காணலில் தோற்றால் மறுபடி போகலாம். இந்த ஒன்றில் மட்டும் தோற்றால் தோற்றதுதான். அதன் பிறகு வாழ்நாளில் அந்த நாற்காலியில் உட்கார விடமாட்டார்கள். நான் மைசூரில் அந்தத் தேர்வில் தோற்று உத்தமபாளையத்துக்குத் திரும்பி வந்தவன்.

அப்போதுதான் மதுரையில் மின்னணுப் பொறியியல் முடித்திருந்தேன். எழுத்துத் தேர்வு, குழுப் பேச்சு, நேர்காணல் எல்லாவற்றிலும் தேறி, கடைசி நாளில் அந்த அறைக்குள் போனேன். எதிரே ஒரு திரை. திரையில் ஒரு புள்ளி. கைக்கு ஒரு கம்பு, காலுக்கு இரண்டு மிதிகள். புள்ளி தன் பாட்டுக்கு ஓடும், அதை இழுத்து நடுவில் நிறுத்த வேண்டும். காதில் வேறு ஏதோ கேட்டுக்கொண்டிருக்கும், அதற்கும் பதில் சொல்ல வேண்டும். நான் கம்பை இறுக்கிப் பிடித்தேன். பிடிக்கப் பிடிக்கப் புள்ளி விலகி ஓடியது. காதைக் கவனித்தால் கண் போய்விடுகிறது, கண்ணைக் கவனித்தால் கால் மரத்துப்போய் நிற்கிறது. மதியத்துக்குள் முடிவு சொல்லிவிட்டார்கள். நான் பறக்கும் பிரிவை மட்டுமே கேட்டிருந்ததால் வேறு எதற்கும் வழியில்லாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

வீட்டில் யாரும் எதுவும் கேட்கவில்லை. எங்கள் பகுதி முஸ்லிம் வீடுகளில் அப்பாவை அத்தா என்போம். என் அத்தா கம்பத்தில் ஒரு காய்கறி மண்டியில் ஏலம் கூறுபவர். காலையெல்லாம் தொண்டை கிழியக் கூவிவிட்டு மதியம் வீட்டுக்கு வந்தால் அதிகம் பேசமாட்டார். யாராவது என்னைப் பற்றிக் கேட்டால், "ஏதோ பரீட்சைக்குப் போயிட்டு வந்தான்" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவார். நான் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்தேன். கடை நன்றாகவே ஓடியது.

எனக்கும் என் தங்கைக்கும் வயது வித்தியாசம் அதிகம். நான் மைசூர் போனபோது அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். உள்ளூர்க் கல்லூரியில் இயற்பியல் கடைசி வருடம் படிக்கும்போது, ஒரு நாள் மத்தியானம் கடைக்கு வந்து, கூட்டம் குறையும்வரை ஓரமாக நின்றாள். நான் ஒருவருடைய போனைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"அண்ணே, விமானப்படை எழுத்துப் பரீட்சையில பாஸாயிட்டேன். மைசூருக்கு வரச் சொல்லியிருக்காக."

அவள் அந்தப் பரீட்சை எழுதியதே எனக்குத் தெரியாது. அம்மாவுக்கு மட்டும் தெரிந்திருக்கிறது.

"எந்தப் பிரிவு கேட்டிருக்க?"

"பறக்குறதுதான்."

கையிலிருந்த திருகாணி கீழே விழுந்து எங்கோ உருண்டது. அதைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டே சொன்னேன். "கடைசில ஒண்ணு வப்பாக. அதுக்குத் தயாராக முடியாதுன்னு சொல்லுவாக. பொறக்கும்போதே கையில இருக்கணுமாம்."

"யாரு சொன்னது?"

"எல்லாருந்தான்."

"நீ என்ன செஞ்ச?"

"புத்தகம் வாங்கிப் படிச்சேன்."

"புத்தகத்தப் படிச்சா ஸ்கூட்டி ஓட்ட வந்துருமா? நீ படிச்ச, அண்ணே. தயாராகல."

அவள் அதைக் குத்திக்காட்டவில்லை. கணக்கில் எங்கே தப்பு என்று காட்டுகிற மாதிரி சொன்னாள். அத்தனை வருடமும் எனக்கு அந்தத் திறமை இல்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கம்பை மைசூரில் அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கையில் பிடித்தேன் என்பது எனக்குத் தோன்றியதே இல்லை.

அத்தாவிடம் அம்மாதான் சொன்னார். அத்தா சோற்றில் கை வைத்தபடியே, "வேணாம்" என்றார். பெண் பிள்ளை என்பதற்காகத்தான் வேண்டாம் என்கிறார் என்று நினைத்து அம்மா ஏதோ பேசத் தொடங்கினார். அத்தா கையை உயர்த்தி நிறுத்தினார்.

"பொம்பளப் புள்ளைன்னு சொல்லல. ஒருத்தன் போயிட்டு வந்து ஒரு வருசம் வாயத் தொறக்கல. இவளும் வந்து அப்புடி உக்காந்தா என்னால பாக்க முடியாது."

நான் அடுத்த அறையில் இருந்தேன். அவர் என்னை அவ்வளவு கவனித்திருந்தார் என்பது அன்றுவரை எனக்குத் தெரியாது.

விஷயம் கேள்விப்பட்டு கூடலூரிலிருந்து குப்பி வந்தார். அத்தாவின் அக்காவைக் குப்பி என்றுதான் கூப்பிடுவோம். "பொம்பளப் புள்ளைய ஆகாசத்துல விட்டுப்புட்டு அப்பறம் எங்கன போயி மாப்பிள தேடுவீக?" என்று அம்மாவைக் கேட்டார்.

"ஆகாசத்துலயே ஒருத்தனப் பாத்தாப் போச்சு மதினி" என்றார் அம்மா. "டீக்குச் சக்கர போதுமா பாருங்க."

அதற்கு மேல் குப்பி அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அத்தா மட்டும் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்று இரண்டாவது முறை சொல்லவும் இல்லை. அதை வைத்துக்கொண்டு நாங்கள் வேலையைத் தொடங்கிவிட்டோம்.

தொடங்கும் முன் ஒன்றைப் பேசிக்கொள்ள வேண்டியிருந்தது. தேர்வு அறைக்குள் நடந்ததை வெளியே சொல்லக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லித்தான் அனுப்பினார்கள். அதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கிக்கொண்டிருந்தேன். அவளே முந்திக்கொண்டாள். "உள்ள என்ன இருந்துச்சுன்னு எங்கிட்டச் சொல்லாத. கையும் காலும் கண்ணும் காதும் ஒண்ணா வேல செய்யணும்னு ஊரு ஒலகத்துக்கே தெரியும். அது போதும். நீ சொல்லி நான் பாஸானா, அப்பறம் மேல போனதும் எனக்கே என் மேல நம்பிக்க வராது."

அவளுக்கு அப்போது என்ன வயது என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு விரிகிறது.

யாரோ விளையாடித் தூக்கிப்போட்ட வீடியோ கேம் கம்பு ஒன்று மதுரையில் பழைய சாமான் விற்கும் இடத்தில் கிடைத்தது. அதன் ஒயர் அறுந்திருந்தது, அதை மாற்றினேன். அந்தக் கம்போடு வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு சிறு திருகு இருந்தது. ரேடியோவில் சத்தம் கூட்டுகிற திருகு மாதிரிதான். அதைக் கழற்றி, ஒயரை நீட்டி, காலால் திருப்புகிற மாதிரி செய்தால் மிதி தயார். காலால் தள்ள, நடுவில் அச்சு வைத்த இரும்புப் பட்டை ஒன்று தேவைப்பட்டது. கிரில் பட்டறையில் போய்ப் படம் வரைந்து காட்டினேன்.

"இது எதுக்குத் தம்பி?" என்று கேட்டார் பட்டறைக்காரர்.

"விமானம் ஓட்டிப் பழக."

அவர் படத்தைத் திருப்பிப் பார்த்தார். "சரி. பெயிண்டு அடிக்கணுமா, அப்புடியே போதுமா?"

பச்சைப் பெயிண்ட் அடித்துக் கொடுத்தார். கடைகளில் விற்கும் பயிற்சிப் புத்தகத்திலேயே இருக்கிறபடி, திரையில் ஒரு புள்ளி தாறுமாறாக அலைகிற மாதிரி எளிய ஒரு நிரலை நானே எழுதினேன். பழைய கணினி, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, கம்பு, காலுக்கு இரும்புப் பட்டை. முன் அறையில் ஜன்னல் ஓரமாக எல்லாம் உட்கார்ந்தன.

முதல் வாரம் அவளும் என்னைப் போலத்தான் தடுமாறினாள். ஸ்கூட்டியில் இடது கையை முன்னால் தள்ளினால் வண்டி வலப்பக்கம் திரும்பும். விமானத்தில் இடது காலை முன்னால் தள்ளினால் மூக்கு இடப்பக்கம் திரும்பும். உடம்பில் ஊறிய பழக்கம் நேர் எதிராக இழுத்தது. புள்ளி இடப்பக்கம் ஓட ஓட, அவள் கால் அதை இன்னும் அந்தப் பக்கமே விரட்டும். நான் பின்னால் நின்று, "இறுக்கிப் பிடிக்காத, இறுக்கிப் பிடிக்காத" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவள் ஒரு நாள் திரும்பிப் பார்த்து, "நீ சொல்லச் சொல்லத்தான் இறுகுது" என்றாள். அதன் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை. மூன்று விரல்களால் மட்டும் கம்பைப் பிடிப்பது என்று அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். அன்றிலிருந்து புள்ளி கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது.

விமானத்தில் இருக்கும் கடிகாரம் போன்ற கருவிகளின் படங்களைப் பார்த்து, விமானம் எப்படிச் சாய்ந்திருக்கிறது என்று சொல்வதும் பயிற்சியில் உண்டு. அதைக் கண்ணால் பார்த்துப் பழக அவள் ஒரு வேலை செய்தாள். பாட்டிலில் பாதி அளவு தண்ணீர் ஊற்றி, சாயம் கலந்து, ஸ்கூட்டியின் முன்னால் கட்டிக்கொண்டாள். வளைவில் வண்டி சாயும்போது பாட்டில் சாயும், தண்ணீர் மட்டமாகவே நிற்கும், அதைப் பார்த்துப் பழகலாம் என்பது அவள் கணக்கு. என் கணக்கும் அதுதான். ராயப்பன்பட்டி சாலையில் திராட்சைத் தோட்டங்களுக்கு இடையே வளைவு வளைவாக ஓட்டிவிட்டு வந்தாள். முகம் சரியில்லை.

"தண்ணி சாயவே இல்லண்ணே. வண்டி சாஞ்சாலும் பாட்டிலுக்குள்ள அப்புடியே நிக்குது."

"மெதுவா ஓட்டியிருப்ப."

"வேகமாவும் ஓட்டிப் பாத்துட்டேன். மறுக்காவும் அதேதான்."

எனக்கு விளங்கவில்லை. பொறியியல் படித்தவன் என்ற பெயர்தான். மறுநாள் காலை நான் கடைக்குக் கிளம்பும்போது வாசலில் வழிமறித்தாள். "வெளங்கிருச்சு. வளைவுல வண்டி மட்டும் சாயல. என்னையும் தண்ணியையும் சேத்து வண்டியோட அடிப்பக்கமாவே அமுக்குது. அதனால சாயிறதே நமக்குத் தெரியாது. மேகத்துக்குள்ள போனா பைலட்டுக்கும் அப்புடித்தான் இருக்கும். நேராப் போற மாதிரியே இருக்கும், ஆனா சாஞ்சுக்கிட்டு இருப்பாக. ஒடம்பு பொய் சொல்லும்ணே. அதுக்குத்தான் அந்தக் கருவி."

நான் அந்தக் கருவிகளைப் பற்றிப் புத்தகத்தில் படித்து மனப்பாடம் செய்திருந்தேன். அவை எதற்காக இருக்கின்றன என்பதை இவள் ஸ்கூட்டியிலிருந்து இறங்கி வந்து சொல்கிறாள். அன்று முழுக்கக் கடையில் வருகிற போகிறவர்களிடமெல்லாம் பாட்டில் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். போன் சரி செய்ய வந்தவர்கள் பாவம், கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தேன். அம்மா அடுப்படியில் இருந்தார். தங்கை கல்லூரியிலிருந்து வரவில்லை. முன் அறையில் அத்தா அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, கம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். திரையில் புள்ளி ஒரு மூலையில் போய் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. நெற்றியெல்லாம் வியர்வை. நான் வந்தது தெரிந்தும் அவர் எழுந்திருக்கவில்லை.

"ஏலே, இதத்தான் நீயும் புடிச்சியா?"

"ஆமாத்தா. இன்னும் வேகமா ஓடும்."

மறுபடியும் முயன்று பார்த்தார். புள்ளி நடுவைக் கடந்து எதிர் மூலைக்குப் போனது. கம்பை விட்டுவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நான் என்னமோ காயிதத்துல எழுதுற பரீட்சன்னு நெனச்சேன்" என்றார். "இது லேசுப்பட்டதில்ல. இந்த நாக்காலி வரைக்கும் ஒன்னய விட்டதே பெருசு."

நான் கை கழுவப் போய்விட்டேன். குழாயைத் திறந்துவிட்டு நெடுநேரம் அங்கேயே நின்றேன்.

அன்று சாயங்காலம் தங்கை பயிற்சிக்கு உட்கார்ந்தபோது அத்தா கட்டிலில் படுத்திருந்தார். கணினியிலிருந்து ஒரு குரல் எண்களைச் சொல்லும்படி நான் செய்து வைத்திருந்தேன். அவள் புள்ளியை விடாமல், குறிப்பிட்ட எண் வரும்போது கம்பில் உள்ள பொத்தானை அழுத்த வேண்டும். அந்தக் குரல் அவளுக்குப் பழகிப்போயிருந்தது. ஒரே வேகம், ஒரே ராகம்.

"இந்தக் குரலு தூங்குற மாதிரில இருக்கு" என்றார் அத்தா. "இதுக்கு யாரு அசருவா?"

"அப்ப நீங்க கூவுங்க" என்றாள் தங்கை, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே.

"மண்டியில கூவி வந்தது பத்தாதா? வீட்டுலயும் கூவணுமா?" என்று சொல்லிக்கொண்டே எழுந்து உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். பிறகு தொடங்கினார்.

கத்தரி, தக்காளி, சின்ன வெங்காயம், முருங்கை. ஒரு சரக்கின் விலை ஏறிக்கொண்டே போகும், நடுவில் சட்டென்று அடுத்த சரக்குக்குத் தாவுவார், திரும்பப் பழையதற்கே வருவார். ஒருதரம், ரெண்டுதரம் என்று இழுத்து, மூணுதரம் சொல்லாமல் விட்டுவிடுவார். கத்தரி என்று காதில் விழுந்தால் அவள் பொத்தானை அழுத்த வேண்டும். முடிந்ததும் எந்தச் சரக்கு என்ன விலையில் நின்றது என்று சொல்ல வேண்டும். முதல் நாள் புள்ளி அவளை விட்டு ஓடியே போய்விட்டது. அத்தா பதறிப்போய் நிறுத்தினார்.

"நிறுத்தாதீகத்தா. அங்கன நமக்காக நிறுத்த மாட்டாக."

அதன் பிறகு அவர் நிறுத்தவே இல்லை. தினமும் சாயங்காலம் எங்கள் வீட்டில் ஏலம் நடந்தது. பக்கத்து வீட்டுக்கார அம்மா ஒரு நாள் எட்டிப் பார்த்து, சின்ன வெங்காயம் வீட்டிலேயே விற்கிறீர்களா என்று நிஜமாகவே கேட்டார். அம்மா சிரித்துச் சிரித்து உட்கார்ந்துவிட்டார். தங்கை சிரிக்கவில்லை. புள்ளி நடுவில் நின்றது. நான் கதவோரம் நின்று அதைப் பார்த்தேன். அத்தாவின் குரல் வீட்டுச் சுவரெல்லாம் அதிர ஏறிக்கொண்டே போகிறது, அவள் தோள் கொஞ்சமும் இறுகாமல் உட்கார்ந்திருக்கிறாள், மூன்று விரல்கள் மட்டும் மெல்ல அசைகின்றன. இவள் தேறுவாளோ மாட்டாளோ, இப்படி ஒருத்தி எங்கள் வீட்டில் இருக்கிறாள் என்பதே போதும் என்று அப்போது தோன்றியது.

மைசூருக்கு நான்தான் கூட்டிப்போனேன். மதுரையில் ரயில் ஏறினோம். வழியெல்லாம் அவள் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து சாதாரணமாகப் பேசிக்கொண்டு வந்தாள். நான்தான் அம்மா கட்டிக்கொடுத்த சோற்றைப் பிரிக்காமலே வைத்திருந்தேன். நான் முன்பு பெட்டியோடு வெளியே வந்த அதே வாசலில் அவளை விட்டேன்.

"நீ இங்கன நிக்காதண்ணே. ஊருக்குப் போ" என்றாள். "நான் வரும்போது தனியாவே வந்துருவேன்."

உள்ளே போகும்போது திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு அதுவும் பிடித்திருந்தது.

நடுவில் எந்தச் செய்தியும் வராது என்பது எனக்குத் தெரியும். உள்ளே போனதும் போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். கடைசி நாள் கடையில் ஒரு வேலையும் ஓடவில்லை. மத்தியானம் போன் அடித்தது.

"அண்ணே."

அந்த ஒரு சொல்லிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் அவள் வாயால் கேட்க வேண்டும்போல இருந்தது.

"சொல்லு."

"எங்க கூட்டத்துல அதுல பாஸானது நானும் இன்னொருத்தருந்தான்." பிறகு அவள் குரல் உடைந்தது. "நீ ஒக்காந்த நாக்காலியாத்தான் இருக்கும்னு நெனச்சுக்கிட்டு ஒக்காந்தேன்."

கடையைப் பாதியில் பூட்டிவிட்டு வீட்டுக்கு நடந்தேன். அத்தா மண்டியிலிருந்து வந்து, முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு படுத்திருந்தார். தூங்கவில்லை என்பது மூச்சிலேயே தெரிந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். துண்டை எடுக்காமலே கேட்டார்.

"புள்ளியப் புடிச்சுட்டாளா?"

"புடிச்சுட்டாத்தா."

அவர் துண்டை எடுக்கவே இல்லை. துண்டு நெஞ்சுக்கு மேல் ஏறி இறங்குவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுப்படியிலிருந்து அம்மா வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் கழித்து அத்தா எழுந்து, சட்டையை மாட்டிக்கொண்டு, சாயங்கால அஸர் தொழுகைக்கு இன்னும் நேரம் இருக்கும்போதே பள்ளிவாசலுக்குக் கிளம்பிவிட்டார். போகிற வழியில் கிரில் பட்டறையில் நின்று விஷயத்தைச் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார். பட்டறைக்காரர் சாயங்காலம் வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னார்.

பிறகு உடல் பரிசோதனை இருந்தது. கால் நீளம் முதல் கண் வரை எல்லாம் அளந்தார்கள். தகுதிப் பட்டியலுக்காகக் காத்திருந்த மாதங்கள்தான் பயிற்சியைவிடக் கடினமாக இருந்தன. பட்டியலில் அவள் பெயர் வந்தது. ஹைதராபாத் பக்கம் பயிற்சிக்குப் போனாள். பக்கத்தில் யாரும் இல்லாமல் தனியாக விமானத்தை மேலே கொண்டுபோய் இறக்கிய அன்று வீட்டுக்குப் பேசினாள். "தரையிலேர்ந்து பாக்குறப்ப பயமா இருந்துச்சு, மேல போனதும் ஒண்ணும் தெரியல" என்றாள். அம்மா அதை அடுத்த வீடு, எதிர் வீடு, கறிக்கடை என்று எல்லா இடத்திலும் சொல்லிவிட்டு வந்தார்.

போன மாதம் கூடலூரில் குப்பி பேத்தியின் கல்யாணம். தங்கைக்கு விடுமுறை கிடைக்கவில்லை. பந்தியில் எங்களுக்கு எதிரே கோட்டயம் பக்கத்திலிருந்து வந்த ஏலக்காய் வியாபாரி ஒருவர் உட்கார்ந்திருந்தார். யாரோ அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். அத்தாவைப் பார்த்து, மலையாளம் கலந்த தமிழில், "பைலட் மோளோட அத்தா நீங்கதானா?" என்று கேட்டார்.

"ஆமா" என்றார் அத்தா. பிறகு பக்கத்தில் பிரியாணி தின்றுகொண்டிருந்த என் தோளில் கையை வைத்தார்.

"இது எம் மகன். அவளுக்கு எல்லாம் செஞ்சு குடுத்தது இவந்தான். இவனும் மைசூர்ல அந்தக் கடைசிப் பரீட்ச வரைக்கும் போனவன். அங்கன வரைக்கும் போறதே லேசுப்பட்ட காரியமில்ல, தெரியுமா?"

வியாபாரி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அத்தா கையை எடுக்கவில்லை. அந்தப் பரீட்சை எப்படி இருக்கும் என்று அவருக்கு விளக்கத் தொடங்கிவிட்டார்.